தொட்டித் தண்ணீரும் காக்கா ஆழியும்

மீன் தொட்டி வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். "டேய், மீன் தானே வாங்கினு வந்தே, இந்த நத்தை எங்கேர்ந்துடா வந்துச்சு?"

யாரும் அதை வாங்கியிருக்க மாட்டார்கள். ராயபுரமோ, தண்டையார்பேட்டையோ, திருவொற்றியூரோ, வடசென்னைக்காரர்களுக்கு வண்ணமீன் என்றால் கொளத்தூர் தான். அங்கே போய் ரெண்டு ஜோடி கப்பி, ஒரு ஃபைட்டர், ஒரு கவர் கலர் கல், கூடவே ஒரு கட்டு பாசி என்று வாங்கி, பிளாஸ்டிக் கவரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் வீட்டுக்கு வருவார்கள். அந்தப் பாசியின் இலைக்கு அடியில் ஜெல்லி மாதிரி ஒரு சொட்டு ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் உள்ளே புள்ளி புள்ளியாகத் தெரியும். அதுதான் நத்தை முட்டை. கொஞ்ச நாளில் கண்ணாடியில் கடுகு சைஸில் ஒன்று ஊரும். அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியாது.

இதைப் பார்த்ததும் ஜனங்கள் ரெண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி, "அது பாட்டுக்கு அழுக்கைத் தின்னுட்டுப் போகுது, விடு" என்று இருந்துவிடும். இன்னொரு கட்சி பயந்துபோய் மொத்தத் தொட்டியையும் தூக்கித் தெருவோரக் கால்வாயில் கொட்டிவிட்டு, கல்லைக் கழுவிப் புதுசாக ஆரம்பிக்கும். வேடிக்கை என்னவென்றால், நத்தையால் அதிகக் கெடுதல் வர வாய்ப்பிருப்பது இந்த ரெண்டாவது கட்சியின் சுத்தத்தால்தான். அது எப்படி என்று தெரிய, முதலில் தொட்டிக்குள் இருப்பது யார் யார் என்று பார்க்க வேண்டும்.

தொட்டிக்குள் யார் யார்?

கூப்பிடாமல் வரும் நத்தைகளில் முதல் ஆள் ஃபைசா. சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது, ஓடு மெல்லிசு, கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஓட்டின் கூர்முனை மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் இடது பக்கம் இருந்தால் ஃபைசா. வலது பக்கம் இருந்து, ஓடு கொஞ்சம் கூர்மையாக நீண்டிருந்தால் அது பெரும்பாலும் லிம்னியா என்ற குளத்து நத்தை.

இதில் ஒரு தமாஷ் உண்டு. பூஜை அறையில் வைக்க லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்களே வலம்புரிச் சங்கு, அதையும் இதே மாதிரி கூர்முனை மேலே பிடித்தால் வாய் இடது பக்கம்தான் இருக்கும். சாதாரணச் சங்குக்கு வலது பக்கம். அதாவது லட்சம் ரூபாய் வலம்புரிக்கு இருக்கிற அதே சுழி, பாசிக் கட்டோடு இலவசமாக வந்த ஃபைசாவுக்கும் இருக்கிறது. சங்கில் அது லட்சத்தில் ஒன்று, ஃபைசாவில் எல்லாமே அப்படித்தான். அபூர்வம் என்பதற்குத்தான் விலை, சுழிக்கு இல்லை (காமர்ஸ் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம்).

ஃபைசா மீனை எதுவும் செய்யாது. நல்ல இலையைத் தின்னாது. மீதித் தீனி, கண்ணாடிப் பாசி, அழுகிய இலை இதுதான் அதற்குச் சாப்பாடு. அது பெருகிவிட்டது என்றால் மீனுக்குத் தேவைக்கு மேல் தீனி கொட்டுகிறீர்கள் என்று அர்த்தம். தீனியைக் குறைத்தால் நத்தையும் குறையும். ஆனால் இதன் பூர்வீகம் வட அமெரிக்கா. இப்போது இந்தியா உட்பட உலகம் பூராவும் பரவிவிட்டது.

அடுத்தது ஆட்டுக்கொம்பு மாதிரி தட்டையாகச் சுருண்டிருக்கும் நத்தை. கடையில் ராம்ஸ்ஹார்ன் என்பார்கள். இதில் இண்டோபிளானோர்பிஸ் என்ற வகை இந்த மண்ணுக்கே உரியது, ஏரி குளங்களில் சர்வசாதாரணம். தொட்டியில் சாது. ஆனால் கிராமத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இது சாது இல்லை. மாடு மூச்சு விடச் சிரமப்பட்டுக் குறட்டை விடும் ஒரு நோய் இருக்கிறது. அந்த நோயைக் கொடுக்கும் புழு தன் வாழ்க்கையில் ஒரு பகுதியை இந்த நத்தைக்குள்தான் கழிக்கிறது. லிம்னியாவுக்கும் அதே கதை, அது ஆடு மாடுகளின் ஈரலைக் கெடுக்கும் தட்டைப்புழுவுக்கு வீடு. பயப்பட வேண்டாம், மாட்டின் வழியாக வந்தால்தான் அந்தப் புழு நத்தைக்குள் போகும். திருவொற்றியூர் மாடி வீட்டுத் தொட்டியில் மாடு வந்து நிற்கப் போவதில்லை.

மூன்றாவது, திருகாணி மாதிரி நீளமாக இருக்கும் டிரம்பெட் நத்தை. பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், ராத்திரி லைட்டை அணைத்தால் கூட்டமாக வெளியே வரும். முட்டை போடாது, குட்டி போடும். ஜோடி கூடத் தேவையில்லை, ஒன்று இருந்தால் போதும். மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் அடியில் கெட்ட வாயு தங்காது என்று இதை விரும்பி வளர்ப்பவர்களும் உண்டு.

நான்காவது நெரைட். கோடு கோடாக அழகாக இருக்கும், கண்ணாடிப் பாசியைத் துடைத்து எடுத்துவிடும். இதன் குஞ்சு வளர உப்பு கலந்த தண்ணீர் வேண்டும் என்பதால் நல்லதண்ணீர்த் தொட்டியில் பெருகவே பெருகாது. வெள்ளை வெள்ளையாக முட்டை மட்டும் ஒட்டி வைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். நத்தை பெருகிவிடுமோ என்று கவலைப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல நத்தை கிடையாது.

உண்மையாகவே கவனிக்க வேண்டியது ஐந்தாவது ஆள். ஆப்பிள் நத்தை.

ஒரே பேரில் மூன்று பேர்

ஆப்பிள் ஸ்நெயில், மிஸ்டரி ஸ்நெயில், கோல்டன் ஸ்நெயில் என்று கடைக்குக் கடை பேர் மாறும். மஞ்சளாக, எலுமிச்சை சைஸில் பார்க்க ஜோராக இருக்கும். கடைக்கார அண்ணனைக் கேட்டால் "ஒண்ணும் பண்ணாது தம்பி, ஃபாரின் நத்தை" என்பார். பிரச்சினையே அந்தப் பேரில்தான். ஒரே பேரில் மூன்று வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒன்று, உள்ளூர் ஆள். பைலா என்று பேர். வயலிலும் குளத்திலும் இருக்கும் பெரிய நத்தை. மூலத்துக்கு நல்லது என்று ஊர்ப்பக்கம் கறி வைத்துச் சாப்பிடுவது இதைத்தான். ரெண்டாவது பொமேசியா டிஃப்யூசா, அமேசான் பக்கத்து ஆள், ஓரளவு சாது. இலங்கையில் வண்ணமீன் வியாபாரத்தோடு வந்து குளங்களில் நிலைத்துவிட்டது இதுதான். மூன்றாவது பொமேசியா கனாலிகுலாட்டா, தென் அமெரிக்கா. உலகின் மிக மோசமான 100 வந்தேறி உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இடம் பிடித்த ஆள்.

பிரித்துப் பார்க்க ரெண்டு இடத்தைப் பார்த்தால் போதும்.

முதலில் மூடி. நத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுமே, அந்த மூடி. பைலாவுக்கு அது கல் மாதிரி கெட்டியாக இருக்கும், சுண்ணாம்பு படிந்தது. பொமேசியாவுக்கு நகம் மாதிரி பழுப்பு நிறத்தில், கொஞ்சம் வளையும்.

அடுத்தது முட்டை. பைலா கரையோர ஈர மண்ணில் வெள்ளை முட்டை போடும். பொமேசியா ரெண்டுமே தண்ணீருக்கு மேலே ஏறி வந்து, தண்டிலோ சுவரிலோ தொட்டியின் கண்ணாடி மூடியிலோ கொத்துக் கொத்தாக ஒட்டும். அந்தக் கொத்து வெளிறிய சந்தன நிறமாக இருந்தால் டிஃப்யூசா. பளிச்சென்று ரோஸ் கலரில், மிட்டாய் மாதிரி இருந்தால் உஷார். அதைச் சுரண்டி நசுக்கிவிடுவது நல்லது.

அந்த ரோஸ் கலர் என்ன செய்யும் என்று தைவானைக் கேட்டால் தெரியும். 1980 வாக்கில் அர்ஜென்டினாவிலிருந்து சாப்பாட்டுக்காக அதைக் கொண்டுவந்தார்கள். வளர்த்து விற்றால் நல்ல லாபம் என்று கணக்குப் போட்டார்கள். சாப்பிட்டவர்களுக்கு ருசி பிடிக்கவில்லை, மார்க்கெட் படுத்துவிட்டது. வளர்த்தவர்கள் தொட்டியைக் காலி செய்தார்கள். நத்தை வாய்க்கால் வழியாக வயலுக்குப் போனது. நட்ட நாற்றைத் தண்ணீர் மட்டத்தில் கடித்துத் தின்றது. பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று பல நாடுகளில் இதே கதை நடந்தது. ஸ்பெயினின் எப்ரோ ஆற்று டெல்டாவில், வண்ணமீன் வியாபாரத்துக்காக வைத்திருந்த பொமேசியா தப்பித்து 2009-ல் நெல் வயலில் தென்பட்டது. அதற்கப்புறம் 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் பொமேசியா வகை மொத்தத்தையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று தடை போட்டது.

இந்தக் கதைகளில் எல்லாம் ஒரு வரி பொதுவாக இருக்கிறது: யாரோ ஒருவர் ஒரு தொட்டியைக் காலி செய்தார், அல்லது அடைத்து வைத்த இடத்திலிருந்து அது வெளியேற விட்டார்.

கெட்ட நத்தை என்று ஒன்று உண்டா?

தொட்டி வைத்திருப்பவர்கள் "கெட்ட நத்தை" என்று சொல்வது பெரும்பாலும் எண்ணிக்கையை வைத்துத்தான். நிறைய இருந்தால் கெட்டது. ஆனால் தொட்டிக்குள் ஆயிரம் ஃபைசா இருந்தாலும் அது தொல்லை மட்டும்தான். ஆக்கிரமிப்பு என்பது வேறு விஷயம். தான் பிறக்காத ஒரு இடத்துக்குப் போய், அங்கே தன்னைத் தின்ன ஆள் இல்லாமல், தடுக்க நோய் இல்லாமல், ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவற்றின் இடத்தையும் சாப்பாட்டையும் பிடுங்கிக்கொண்டால்தான் அந்தப் பேர்.

அப்படிப் பார்த்தால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. மேலே சொன்ன டிரம்பெட் நத்தை இந்திய ஏரிகளில் காலங்காலமாக இருப்பது. இங்கே யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அதுவே அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலும் டெக்சாஸிலும் ஆக்கிரமிப்பு நத்தை. எப்படிப் போனது? மீன் தொட்டி வழியாகத்தான். இங்கே சாது, அங்கே வில்லன், ஆள் ஒன்றுதான்.

அதனால் வெளியூர்க்காரன் என்பதே குற்றமும் இல்லை. கப்பி மீன் கூட தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று நகராட்சிகளே குட்டைகளில் விடுகின்றன. வடசென்னையே துறைமுகத்தையும் ரயிலையும் நம்பி எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்களால் ஆன ஊர். வந்தேறி என்ற சொல்லை நத்தைக்கும் சிப்பிக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது, மனிதர்கள் மேல் வீச வேண்டாம். உயிரினங்களிலும் கூட எங்கிருந்து வந்தது என்பதை விட, வந்த இடத்தில் என்ன ஆகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கக் கொளத்தூர் தொட்டியிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. எண்ணூர் வரைக்கும் போனால் போதும்.

கண்ணாடி இல்லாத தொட்டி

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர் முகத்துவாரம். ஒரு பக்கம் அனல் மின்நிலையம், ஒரு பக்கம் காமராஜர் துறைமுகம், கொஞ்சம் தள்ளிக் காட்டுப்பள்ளி துறைமுகம். நடுவில் இருக்கும் கழியை நம்பி காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று மீனவக் குப்பங்கள். இங்கே வலை வீசுவது மட்டும் தொழில் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சேற்றுக்குள் புதைந்திருக்கும் மஞ்சள் மட்டியைப் பொறுக்குபவர்கள் இருக்கிறார்கள். கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை இல்லை இது, விரலால் பார்ப்பது.

அந்த விரல்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. சேறு இருக்க வேண்டிய இடத்தில் ஓடு ஓடாகத் தட்டுப்பட்டது. கறுப்பாக, சின்னதாக, கொத்துக் கொத்தாக. மீனவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பேர் வைத்தார்கள். கறுப்பாகவும் கூட்டமாகவும் எங்கே பார்த்தாலும் இருப்பதற்கு அந்தப் பேர் பொருந்தத்தான் செய்கிறது.

விஞ்ஞானிகள் அதை மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்கிறார்கள். நத்தை இல்லை, நத்தையின் சொந்தக்காரன். இரண்டு ஓடு கொண்ட சிப்பி வகை. பூர்வீகம் மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கக் கடலோரம். 1986-ல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஒரு மின்நிலையம் தண்ணீர் உறிஞ்சும் குழாயில் தென்பட்டது. அடுத்த வருஷக் குளிரில் அங்கே செத்துப் போனது (எண்ணூரில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?). பிறகு ஃபுளோரிடாவிலேயே மறுபடி தலைகாட்டியது. 2010களில் பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று ஆசியா பக்கம் பரவியது. கேரளத்தின் காயல்களில் அது இருப்பதை 2019-ல் மரபணுச் சோதனையோடு உறுதி செய்தார்கள். அஷ்டமுடிக் காயலில் மட்டி பொறுக்கிப் பிழைத்தவர்களுக்குப் பெரிய அடி. அங்கே அதன் பேர் வரத்தன் கக்கா, அதாவது வெளியூர்ச் சிப்பி.

எண்ணூரில் மூன்று சிப்பிகளையும் பிரித்துப் பார்ப்பது, தொட்டி நத்தையைப் பிரிப்பதைப் போலவே சுலபம். மஞ்சள் மட்டி வட்டமாக, மஞ்சள் பழுப்பாக, தனித்தனியாகச் சேற்றுக்குள் புதைந்திருக்கும். கையோடு வந்துவிடும். சாப்பிடுகிற பச்சை ஆழி பெரிசு, ஓட்டின் ஓரம் பச்சை, பாறையிலும் தூணிலும் ஒட்டியிருக்கும். காக்கா ஆழி சின்னது, கறுப்பு அல்லது பழுப்பு, ஓட்டின் உள்பக்கம் ஊதா. முக்கியமாக, ஒன்றை இழுத்தால் பத்து சேர்ந்து வரும். நார் மாதிரி ஒரு நூலை விட்டு ஒன்றோடு ஒன்று கட்டிக்கொண்டு சேற்றின் மேலேயே பாய் விரித்த மாதிரி படர்கிறது.

அந்தப் பாய்தான் பிரச்சினை. இறால் சேற்றுக்குள் புதைந்து வாழ்வது, மட்டியும் அப்படித்தான். மேலே பாய் விரித்துவிட்டால் ரெண்டுக்கும் உள்ளே போக வழியில்லை. கடித்துத் தின்று அழிப்பதில்லை இது. வீட்டு வாசலை அடைத்துவிடுகிறது. கழியில் இறங்கிப் பிழைப்பவரின் கை தடவுவதற்குச் சேறு இல்லை. இது வடக்கே போய்ப் பழவேற்காட்டை முழுசாகப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த பயம். பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது.

எப்படி வந்தது? துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் மேல்தான் மீனவர்களுக்குச் சந்தேகம். உலகம் முழுக்க இந்த மாதிரிச் சிப்பிகள் பரவியதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் முக்கியக் காரணமும் கப்பல்தான். சரக்கு இல்லாமல் கிளம்பும் கப்பல் தள்ளாடாமல் இருக்க, வயிற்றில் இருக்கும் தொட்டிகளில் கடல்தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கு ஏற்றும் துறைமுகத்துக்கு வந்ததும் அந்தத் தண்ணீரை வெளியே விடும். ஒரு ஊர்த் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகள் இன்னொரு ஊரில் இறங்கிவிடும். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு மீன் தொட்டிதான். கண்ணாடி மட்டும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

இதைத் தடுக்க ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004-ல் ஒரு ஒப்பந்தம் போட்டது. அமலுக்கு வந்தது 2017 செப்டம்பர் 8-ல். பதின்மூன்று வருஷம். அதன்படி ஒரு கன மீட்டர் தண்ணீரில் 50 மைக்ரான் அல்லது அதற்கு மேல் உள்ள உயிர்கள் பத்துக்கும் குறைவாக இருக்கும்படி சுத்தம் செய்துவிட்டுத்தான் கப்பல் அதை வெளியே விட வேண்டும். சிப்பிகளோ அந்தப் பதின்மூன்று வருஷமும் எந்தக் கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை.

வந்த பிறகு அழிக்க முடியாதா? ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1999 மார்ச்சில் மைட்டிலாப்சிஸ் சாலெய் என்ற இன்னொரு வந்தேறிச் சிப்பியைப் படகுத் துறையில் பார்த்தார்கள். அது 1967-லேயே விசாகப்பட்டினம் துறைமுகத்தில் இருந்ததாகப் பதிவாகியிருக்கும் ஆள். டார்வினில் உடனே மூன்று படகுத் துறைகளை மூடி, குளோரினும் தாமிர மருந்தும் கொட்டி, சில வாரங்களில் மொத்தத்தையும் கொன்றார்கள். முடிந்ததற்குக் காரணம், அந்தத் துறைகளுக்குக் கடலைப் பிரிக்கும் கதவு இருந்தது, பார்த்ததும் சீக்கிரம். எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கதவு கிடையாது. மருந்து கொட்டினால் காக்கா ஆழியோடு மிச்சமிருக்கும் இறாலும் மட்டியும் போய்விடும். கையால் வாரி எடுப்பதும், மேலும் பரவாமல் பார்ப்பதும்தான் வழி.

அங்கே விருந்து, இங்கே பாய்

சரி, சாப்பிட்டே தீர்த்துவிட்டால் என்ன என்று தோன்றும். பிரேசிலில் மசேயோ என்று ஒரு நகரம். அங்கே முந்தாவு ஏரிக்கரையில் ஏழைக் குடும்பங்கள் காலங்காலமாகச் சேற்றில் இறங்கி ஒரு சிப்பியை எடுத்து, வேகவைத்து, ஓடு பிரித்து விற்றுப் பிழைக்கிறார்கள். சுருரு என்று பேர். ஊரே விரும்பிச் சாப்பிடும் அயிட்டம். அது வேறு எதுவும் இல்லை, இதே காக்கா ஆழிதான். எண்ணூரில் ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுக்கும் அதே சிப்பி அங்கே ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

எண்ணூரில் அப்படிச் சாப்பிடச் சொல்ல முடியாது. இந்தச் சிப்பி தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுவது, தண்ணீரில் இருப்பதெல்லாம் அதன் உடம்பில் சேரும். மின்நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் கலந்த கழியில், 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணெய் பரவிய இடத்தில், வடிகட்டியையே எடுத்துச் சாப்பிடு என்று யார் சொல்வது? அழுக்கைத் தாங்கும் வந்தேறி நிற்கிறது, தாங்காத உள்ளூர் ஆள் போகிறது. ஏற்கெனவே நோஞ்சானாக்கப்பட்ட கழிக்குள் நுழைவது எந்த வந்தேறிக்கும் சுலபம்தான்.

யார் கணக்கில் எழுதுவது?

ஒரு கப்பல் கம்பெனியின் வரவு செலவில் எரிபொருள் இருக்கும், சம்பளம் இருக்கும், துறைமுகக் கட்டணம் இருக்கும். வயிற்றிலிருந்து தண்ணீரை வெளியே விடுவதற்கு ரொம்ப காலம் செலவு என்று ஒரு வரி கூடக் கிடையாது. அந்தச் செலவு இல்லாமல் போகவில்லை. காட்டுக்குப்பத்தில் ஒருவர் காலையிலிருந்து மதியம் வரை தண்ணீரில் நின்று, ஒரு பறி இறால் கிடைக்க வேண்டிய இடத்தில் கைப்பிடி இறாலோடு கரை ஏறுகிறாரே, அங்கே போய் அது பற்று ஆகிறது. அவருக்கு லெட்ஜர் இல்லை, அதனால் அந்த நஷ்டம் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது. எகனாமிக்ஸ் புத்தகத்தில் புறவிளைவு என்று ரெண்டு மார்க் கேள்விக்குப் படித்துவிட்டுப் போகும் சமாச்சாரம் இதுதான்.

மீன் தொட்டிக்காரரின் கணக்கும் சின்ன அளவில் இதேதான். நல்லதண்ணீர் நத்தைகள் எண்ணூர்க் கழியின் உப்பில் பெரும்பாலும் செத்துப்போகும் என்பது உண்மை. ஆனால் கொளத்தூருக்குப் பக்கத்திலேயே ரெட்டேரி இருக்கிறது, மாதவரம் ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. டேங்க் க்ளீனர் என்று விற்கும் மீன் இதற்கு ஏற்கெனவே சாட்சி. சின்னதாக வாங்கி, தொட்டியை விடப் பெரிசானதும் பாவம் பார்த்து ஏரியில் விட்டார்கள். இப்போது சென்னை ஏரிகளில் வலை போட்டால் அது மாட்டுகிறது, முதுகுச் செதிலால் வலையையும் கிழிக்கிறது. பாவம் பார்த்தவருக்குப் புண்ணியம், வலைக்காரருக்குத் தையல் கூலி.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பாசி வாங்கி வந்தால் நேராகத் தொட்டியில் போடாமல் தனி பக்கெட்டில் ரெண்டு வாரம் வையுங்கள். படிகாரம் கரைத்த தண்ணீரில் நனைத்து நன்றாக அலசினால் முட்டையும் குஞ்சும் பெரும்பாலும் போய்விடும். தாமிரம் கலந்த நத்தை மருந்து வேண்டாம், தொட்டியில் இறால் இருந்தால் அதுவும் போகும். ஆப்பிள் நத்தை வாங்கும்போது மூடியைப் பாருங்கள், வந்த பிறகு முட்டை நிறத்தைப் பாருங்கள். வேண்டாத நத்தையை நசுக்கியோ ஃப்ரீசரில் வைத்தோ கொன்று குப்பையில் போடுங்கள், கல்நெஞ்சு என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். தொட்டி மாற்றும் தண்ணீரைப் பூந்தொட்டிக்கு ஊற்றுங்கள், செடிக்கு நல்ல உரம். தொட்டியே வேண்டாம் என்று முடிவு செய்தால் மீனையும் நத்தையையும் கடைக்கோ இன்னொரு தொட்டிக்காரருக்கோ கொடுங்கள். ஏரி, குளம், கால்வாய், கோயில் தெப்பம் எதிலும் விட வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. எண்ணூரில் எந்த ஆய்வகமும் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்பே, சேற்றில் கை வைத்தவர்கள் இது புதுசு, இது இந்த இடத்தது இல்லை என்று பேர் வைத்துச் சொன்னார்கள். டார்வினில் பார்த்தவுடன் கேட்டார்கள், அதனால் கதவை மூட நேரம் இருந்தது. இனி வேறு ஏதாவது ஒரு புது ஓடு கழியில் தட்டுப்படும்போது, குப்பத்திலிருந்து வரும் முதல் பேச்சைக் காதில் வாங்க ஒரு ஆபீஸும் ஒரு ஆளும் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.